அசிமோவும் குக்கூவும்

கேள்வி: ‘ஃபவுண்டேஷன்’ தொடரைப் பார்த்துவிட்டேன். ஐசக் அசிமோவின் நாவல்களையும் படிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: அவசியம் படிக்கலாம். கதை அநேகமாகப் புதிதாகவே இருக்கும்!

1942-இல் பத்திரிகைக் கதையாகத் தொடங்கி, 1951 முதல் 1953 வரை மூன்று புத்தகங்களாக வந்த முத்தொகுதி அது. அதில் பக்கம் பக்கமாகப் பேச்சுதான். சில பத்தாண்டுகளைச் சட்டெனத் தாண்டுவார் அசிமோவ். பழகிய பாத்திரங்கள் காணாமல் போய்விடும். தனிமனிதர் அல்ல, கூட்டமே வரலாற்றை நகர்த்துகிறது என்பது கதையின் அடிப்படை. ஆனால் டி.வி.யில் முகங்களை அடிக்கடி மாற்றினால் யார் பார்ப்பார்கள்? 2021-இல் ஆப்பிள் டி.வி. பிளஸ்ஸில் வந்த தொடர், ஒரே பேரரசரின் குளோன்களைத் தலைமுறை தலைமுறையாக அரியணையில் ஏற்றியது. நாவலில் இல்லாத இந்தச் சரடுதான் தொடரின் உயிர்.

நாவலில் ஆண்களான கால் டோர்னிக்கும் சால்வர் ஹார்டினும் திரையில் பெண்கள். புத்தகத்து ஹார்டின் தந்திரத்தால் போரைத் தவிர்ப்பவர். திரை ஹார்டினோ துப்பாக்கியும் கையுமாக அலைகிறார். இது இறக்கம்தான்.

முதல் சீசனில் ஃபாரா என்ற பாத்திரத்தில் மிரட்டுபவர், மும்பைக் கதையான ‘சேக்ரட் கேம்ஸ்’ தொடரில் குக்கூவாக நடித்த குப்ரா சைத்.

அறிவியல் புனைகதை டி.வி. தொடராவதற்குத் தமிழிலும் முன்னோடி உண்டு: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அந்தக் கதையில் வரும் ஜீனோவை இன்னும் சந்திக்கவில்லையென்றால், அசிமோவுக்கு முன் அந்த இயந்திர நாய்க்குட்டியிடம் போங்கள்.