கையில் போன் எடுக்காமல் காரில் பேசுவது எப்படி?



வசூலுக்காக வாரம் இருமுறை அம்பாசமுத்திரம் வரை கார் ஓட்டிச் செல்பவன் நான். சென்ற ஆண்டு ஒருநாள் பத்தமடை தாண்டியதும் கல்லிடைக்குறிச்சிக் கடைக்காரர் ஒருவர் துவரம்பருப்பு விலை கேட்டுக் கூப்பிட்டார். ஒரு கையில் போனைப் பிடித்தபடியே விலை சொன்னேன். வயலிலிருந்து சைக்கிளோடு ரோட்டில் ஏறிய பெரியவரைக் கடைசி நொடியில்தான் கண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வீடு சேரும்வரை கை நடுங்கிற்று.

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டது. கையில் போன் பிடித்து ஓட்டினால் முதல் முறையே ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு.

ஸ்டியரிங்கில் முகமும் ஒலி அலையும் வரைந்த பொத்தான் ஒன்று இருக்கும். மூன்று ஆண்டுகள் நான் அதைத் தொட்டதே இல்லை. முதலில் புளூடூத் மூலம் போனைக் காரோடு இணைக்க வேண்டும். பல கார்களில், பொத்தானைச் சட்டென்று அழுத்தினால் காரின் சொந்தக் குரல் வசதி வரும். விடாமல் அழுத்திப் பிடித்தால் போனில் உள்ள கூகுளோ சிரியோ விழித்துக்கொள்ளும். 'டிங்' என்ற ஓசை கேட்டபின் பேச வேண்டும். அதற்கு முன் பேசினால் பாதிப் பெயர்தான் அதன் காதில் விழும். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. காற்றையும் குறைத்துக்கொள்வது நல்லது. கூகுளுக்குப் பெரும்பாலும் இன்டர்நெட் வேண்டும். பாபநாசம் மலைப்பக்கம் சிக்னல் இல்லாவிட்டால் பொத்தானைக் குறை சொல்லாதீர்கள்.

பெயரைப் பதிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் ஊரில் இசக்கிமுத்துக்களுக்குப் பஞ்சமா? என் போனில் ஏழு பேர்! 'எந்த இசக்கிமுத்து?' என்று அது திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்பொழுது 'அம்பை இசக்கி', 'பேட்டை இசக்கி' என ஊரோடு சேர்த்துப் பதிந்துவிட்டேன். எழுத்தைக் கொண்டே அது உச்சரிப்பை ஊகிப்பதால், 'புது நம்பர் 2' போன்ற வால்களை நீக்கிவிடுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எதிர்முனையில் பேசுபவர் குரல் கார் ஸ்பீக்கரில் ஒலிக்கும். பக்கத்து இருக்கையில் சக வியாபாரி இருக்கும்போது, நம் கொள்முதல் விலையை மில்காரர் உரக்கச் சொன்னால் என்ன ஆகும்? எனக்கு அது நடந்தது. ஆகவே எடுத்தவுடனேயே, 'காரில் ஆள் இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறேன்.

கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குரல் கட்டளை கொடுத்து முடித்த பின்னும் 27 விநாடி வரை கவனச் சிதறல் நீடிக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 450 மீட்டர் தூரம். ஆகையால், 'வருகிறேன்', 'சரக்கு ஏற்றியாயிற்று' என்ற அளவோடு ஓட்டும்போது நிறுத்திக்கொள்கிறேன். விலை பேசுவதானால் சேரன்மகாதேவியில் வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன்.