பிறர் மனம் அறிதலும் தன் மனம் அறிதலும்

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையின் ஓரமாக அமைந்திருப்பது எலெக்ட்ரானிக் சிட்டி. 1970-களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொட்டதோகூர், கோனப்பன அக்ரஹாரம் ஆகிய கிராமங்களில் ஏறத்தாழ 332 ஏக்கர் நிலத்தில் இதற்கு வித்திட்டது. இன்று அங்கே பணிபுரியும் தமிழ் இளைஞர்கள் ஏராளம். நிறுவனங்களின் ஆண்டு விழாக்களிலும் குடும்ப தினங்களிலும் பாட்டு, நடனம் ஆகியவற்றுடன் இப்போது 'மென்டலிசம்' எனப்படும் மனமறியும் வித்தையும் இடம்பெறுகிறது. கலைஞர் மேடையில் நின்றபடி, கூட்டத்தில் ஒருவர் மனத்தில் நினைத்த பெயரைச் சொல்கிறார். மற்றொருவர் தேர்ந்தெடுக்கப் போகும் எண்ணை முன்னதாகவே எழுதி உறையில் இட்டு வைத்திருக்கிறார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆகிறது.

அத்தகைய நிகழ்ச்சி ஒன்றைக் கண்டு வந்த இளைஞர் ஒருவர், சனிக்கிழமை நடைபெறும் எங்கள் சாஸ்திர வகுப்பின் முடிவில் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய தாயார் திருப்பத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியே வசிக்கிறார். இவருக்கோ இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் பணிபுரியும் வாய்ப்பு வந்திருந்தது. மேடைக்கு அழைக்கப்பட்ட அவரிடம், பள்ளிப்பருவ நண்பனின் பெயரைக் கலைஞர் சரியாகக் கூறினாராம். பிறகு சற்றே குரலைத் தாழ்த்தி, "நீங்கள் இரண்டு பாதைகளுக்கு நடுவே நிற்கிறீர்கள், வீட்டில் வயதில் மூத்த ஒருவரைப் பற்றிய கவலை உங்களை வாட்டுகிறது" என்றாராம்.

"ஐயா, அவர் என் மனத்தை அப்படியே படித்துவிட்டார். அவரைத் தனியே சந்தித்து, நான் போகலாமா கூடாதா என்று கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நம் சித்தர்களுக்கு இருந்த ஆற்றல்தானே இது?" என்று வினவினார்.

கேள்வி சிறியதன்று. ஒருவர் தம் வாழ்வின் முடிவைப் பிறர் கையில் ஒப்படைக்கும் தருணம் அது. அன்று அவருக்குக் கூறியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

மேடையில் நடப்பது என்ன?

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர்மையான கலைஞர்கள் பலர் இது பொழுதுபோக்குக் கலை என்று தாமே அறிவித்துவிடுகின்றனர். அந்த அறிவிப்பை மறந்துவிடுவது பெரும்பாலும் நாம்தான்.

இக்கலையின் வழிகள் பல. நாம் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பதாக எண்ணும் சீட்டை நம் கையில் திணித்துவிடும் கைத்திறன் அவற்றுள் ஒன்று. எழுதி மடித்த காகிதத்தைப் பிறர் அறியாமல் படித்துவிடுவதும் உண்டு. நிகழ்ச்சிக்கு முன்பே செய்திகளைத் திரட்டி வைத்துக்கொள்வதும் உண்டு. இவற்றைக் காட்டிலும் ஆழ்ந்த படிப்பினை தருபவை வேறு இரண்டு.

ஒன்று, உடலின் மொழியைப் படித்தல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சிலர் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு பொருளை ஒளித்து வைத்தவரின் கையைப் பற்றியபடி நடந்து, அப்பொருளைக் கண்டெடுத்து வந்தனர். ஜார்ஜ் பியர்ட் என்ற நரம்பியல் மருத்துவர் அவர்களை ஆராய்ந்து 1877-இல் விளக்கம் எழுதினார். ஒளித்து வைத்தவரின் தசைகளே, அவர் அறியாமல், வழிகாட்டுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. பெர்லின் நகரில் 1904-இல் ஹான்ஸ் என்ற குதிரை பெரும்புகழ் பெற்றது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை கூறும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு அசையும்; குதிரை அதைக் கண்டு நிறுத்திவிடும். குதிரையின் உரிமையாளர் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் வியப்பு. தாம் அசைவது அவருக்கே தெரியாது! மனத்தில் எழுவது உடலில் வெளிப்பட்டுவிடுகிறது. அதை அறியாதவர் அம்மனத்திற்கு உரியவர் மட்டுமே.

மற்றொன்று, எவருக்கும் பொருந்தும் சொற்களை எனக்கென்றே சொன்னவையாக ஏற்றுக்கொள்ளும் நம் இயல்பு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரு தேர்வு வைத்து, பின்னர் 'உம்முடைய குணநலன்கள்' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாத் தாள்களிலும் இருந்தவை ஒரே வாசகங்கள். பெரும்பாலும் சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு மாணவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் இருபத்தெட்டு வயது இளைஞர்களுள், இரண்டு பாதைகளுக்கு நடுவே நில்லாதவர் எத்தனை பேர்? ஊரில் மூத்த ஒருவரைப் பற்றிக் கவலைப்படாதவர் எத்தனை பேர்?

சுவாமிஜி கண்ட மனிதர்

அப்படியானால் மனத்தின் ஆற்றல்கள் அனைத்தும் பொய்தானா என்று கேட்கலாம். 1900-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'மனத்தின் ஆற்றல்கள்' பற்றி சுவாமி விவேகானந்தர் ஆற்றிய உரை இங்கே படிக்கத்தக்கது. மனத்தில் உள்ள கேள்விகளைச் சொல்லும் ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்று, சுவாமிஜி சில நண்பர்களுடன் அவரைக் காணச் சென்றார். கேள்விகளை முன்னதாகவே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டனர். அம்மனிதர் கேள்விகளையும் விடைகளையும் கூறினார். பிறகு ஒரு தாளில் எதையோ எழுதி மடித்து, பின்புறம் கையொப்பமிடச் செய்து, சுவாமிஜியிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னர் ஏதேனும் ஒரு வாக்கியத்தை நினைக்கும்படி கூறினார். சுவாமிஜி நினைத்த சமஸ்கிருத வாக்கியம் அத்தாளில் இருந்தது. உடன் வந்தவர்கள் நினைத்த அரபு, ஜெர்மன் வாக்கியங்களும் அவ்வாறே அவரவர் தாள்களில் இருந்தன.

கேள்வியை எழுதி வைத்தல், மடித்த தாள், பின்புறக் கையொப்பம் ஆகியவை இன்றைய மேடையிலும் உள்ளவை என்பதை இக்கலையை அறிந்த வாசகர் கவனித்திருப்பார். அம்மனிதர் செய்தது எதுவென்று இன்று நாம் தீர்ப்புக் கூற இயலாது. சுவாமிஜி, மனத்திற்கு இத்தகைய ஆற்றல்கள் உண்டு என்றே கருதினார். அவை இயற்கைக்கு அப்பாற்பட்டவையல்ல, நியதிக்கு உட்பட்டவை, ஆராயத்தக்கவை என்றார். இவற்றினூடே மோசடியும் கலந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. நம் பாடத்திற்கு முக்கியமானது அடுத்து அவர் செய்த செயல். தாம் ஏமாந்திருக்கக்கூடும் என்று எண்ணி, சில நாட்கள் கழித்து வேறு நண்பர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் சென்று சோதித்தார். ஹைதராபாத்தில் போர்வைக்குள்ளிருந்து பழங்களையும் பனித்துளி படிந்த ரோஜாக்களையும் வரவழைத்த ஒருவரைக் கண்டபோதும், சோதித்த பிறகே வித்தையைப் பார்த்தார். முடிவில் விளக்கமும் கேட்டார். அந்த மனிதர் எல்லாம் கைவேகம்தான் என்று கூறிவிட்டார். வியப்பு அவரிடம் விசாரணையை அணைத்துவிடவில்லை.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் விபூதி பாதத்தில் பிறர் மனத்தை அறிதலைக் குறிப்பிடுகிறார். பிறருடைய உடலில் தோன்றும் குறிகளின்மீது சம்யமம் செய்வதால் அது கைகூடும் என்று சுவாமிஜி தமது ராஜயோக நூலில் பொருள் கொள்கிறார். பதஞ்சலியோ அடுத்த சூத்திரத்திலேயே ஓர் எல்லையையும் வகுத்துவிடுகிறார்: மனத்தின் நிலை தெரியலாம், அது பற்றி நிற்கும் பொருள் அதனால் தெரிவதில்லை. மேலும் சில சூத்திரங்களுக்குப் பின், இத்தகைய சித்திகள் சமாதிக்கு இடையூறுகள் என்றும் உரைக்கிறார். பதினான்கு ஆண்டுகள் முயன்று நீர்மேல் நடக்கக் கற்றவனுக்கு, ஓடக்காரனுக்குக் கொடுக்கும் சிறு காசுதான் மிச்சம் என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறும் கதையை நம் வாசகர்கள் அறிவர்.

மனத்தின் திறனை மேடையில் காட்டுவதே தவறு என்று கூறுவதற்கில்லை. நம் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அங்கே மறைவு ஏதுமில்லை. கவனம் என்பதை எவ்வளவு விரிக்க முடியும் என்பதை அவை கண்ணாரக் கண்டது. குஜராத்தின் ஸ்ரீமத் ராஜசந்திரரும் 1887-இல், பத்தொன்பது வயதில், பம்பாயில் சதாவதானம் செய்து பெரும்புகழ் அடைந்தவரே. ஐரோப்பாவிற்குச் சென்று நிகழ்த்துமாறு அழைப்பு வந்தது. அவர் அதை மறுத்தார். ஆன்ம சாதனைக்குத் தடையென்று கண்டு விரைவில் அவதானத்தையே கைவிட்டார். 1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரைச் சந்தித்து, தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் அடுக்கினார். ராஜசந்திரர் அவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொன்னார். அந்தத் திறன் தம்மை மயக்கவில்லை என்றும், அவருடைய சாஸ்திர அறிவும் மாசற்ற ஒழுக்கமும் ஆன்ம அனுபூதி பெறும் தாகமுமே தம்மை ஈர்த்தன என்றும் காந்தியடிகள் சுயசரிதையில் எழுதியுள்ளார்.

தந்தி

சுவாமிஜியின் வாழ்வில் அந்த இளைஞருக்கு நேராகப் பொருந்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1893-இல், அமெரிக்கப் பயணத்திற்கு முன், சென்னையில் மன்மதநாத பட்டாச்சாரியரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, தம் தாயார் இறந்துவிட்டதாக ஒருநாள் கனவு கண்டார். மனம் கலங்கியது. சென்னை அன்பர்களோ பயணத்திற்கு விரைவுபடுத்தினர். தாயாரின் நிலை அறியாமல் புறப்பட அவருக்கு மனமில்லை. மன்மதர் உடனே கல்கத்தாவிற்குத் தந்தி அடித்தார். பிறகு, மனக்கலக்கம் தீரட்டும் என்று, நகரிலிருந்து தொலைவில் இருந்த குறிசொல்பவர் ஒருவரிடம் சுவாமிஜியை அழைத்துச் சென்றார். அளசிங்கர் மொழிபெயர்த்தார். அம்மனிதர் சுவாமிஜியின் பெயர், வம்சம் முதலியவற்றைக் கூறி, தாயார் நலம் என்றும், தர்மப் பிரசாரத்திற்காகத் தொலைதூர நாடு செல்ல நேரும் என்றும் சொன்னார். சென்னை திரும்பியதும் தாயார் நலமென்று தந்தியும் வந்தது.

பிற்காலத்தில் இதைச் சீடரிடம் விவரித்த சுவாமிஜி, இதைத் தற்செயல் என்றோ வேறு எப்படியோ அழைத்துக்கொள்ளலாம் என்றார். நேரடிச் சான்றின்றி எதையும் தாம் நம்புபவர் அல்லர் என்றார். இறுதியில், இவ்வளவு நேரம் வீண்பேச்சுப் பேசிவிட்டோமே என்று பேச்சை ஆத்ம சிந்தனையின் பக்கம் திருப்பிவிட்டார்.

இந்நிகழ்ச்சியைப் படிப்பவர் பெரும்பாலும் குறிசொன்னவரையே நினைவில் கொள்கின்றனர். தந்தி முதலில் அனுப்பப்பட்டது என்பதை அந்த இளைஞரிடம் இருமுறை கூறினோம்.

"நீங்கள் தந்தி அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. வாய்ப்பு வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. நாள்தோறும் இரவில் தாயாருடன் தொலைபேசியில் பேசுகிறார். இதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாயார் 'போகாதே' என்று சொல்லிவிடுவாரோ என்பது அச்சம் என்றார். பின்பு தாமே தொடர்ந்தார்: "அதைவிட, 'போய் வாப்பா' என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். சொன்னால் நான் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும்."

மேடைக் கலைஞர் படித்துச் சொன்னதில் இது இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்பிற்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவே ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டதாக அவருடைய அறை நண்பர் தெரிவித்தார்.