தலகாணிக்குக் கழற்றிப் போடும் உறை



லயங்களுக்கு நாங்கள் வரும்போது பூப்போட்ட அழகான தலகாணிகளைப் பார்க்கிறோம். ஆனால் சிலர் உறையை நாலு பக்கமும் மூடித் தைத்துவிடுகிறார்கள். கழற்ற முடியாது, அதனால் துவைப்பதும் கிடையாது. அடுப்புப் புகையும் மழை ஈரமும் அதிலேயே ஊறிப்போகும். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டிவிடும்.

ஜிப்போ பட்டனோ வேண்டாம். கிழியாத பழைய நூல் சேலைத் துண்டு போதும். 16 அங்குலச் சதுரத் தலகாணிக்கு அளவு இது:

1. அகலம் 17, நீளம் 39 அங்குலமாக வெட்டுங்கள். புதுத் துணியானால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். ஒருமுறை நாங்கள் நனைக்காமல் வெட்டி, முதல் துவையலிலேயே உறை சுருங்கி, தலகாணி உள்ளே போகமாட்டேன் என்றது!

2. நீளத்தின் இரு முனையையும் ஒவ்வொரு அங்குலம் மடித்துத் தையுங்கள். 37 அங்குலம் மிஞ்சும்.

3. நடுவில் உள்ள 16 அங்குலம்தான் முன்பக்கம். பூவேலை வேண்டுமானால் இப்போதே சங்கிலித் தையலில் போடுங்கள்.

4. நல்ல பக்கம் மேலே இருக்க விரித்து, இரு முனையையும் பத்தரை அங்குலம் உள்ளே மடியுங்கள். ஒன்றின்மேல் ஒன்று 5 அங்குலம் ஏறி நிற்கும்.

5. மேலும் கீழும் அரை அங்குலம் விட்டுத் தைத்துப் புரட்டுங்கள். மெஷின் இல்லாதவர்கள் பின்தையல் போடலாம்.

மழைக்காலத்தில் துணி காயாது. ஆகவே ஒரு தலகாணிக்கு இரண்டு உறை தையுங்கள். வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். வெயில் கண்டால் தலகாணியையும் வெளியே போடுங்கள்.

உறை மருந்தல்ல. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.