பெயரிலிருந்து விண்மீனின் இடத்தை அறிதல்

மாணவர்களே, பூமியில் ஓர் இடத்தைக் குறிக்க அகலக்கோடும் நெடுங்கோடும் தேவை எனப் புவியியலில் படித்திருப்பீர்கள். வானத்திலும் இதே முறைதான். பூமியின் மத்திய கோட்டை வானம்வரை விரித்தால் வான் மத்திய கோடு கிடைக்கும். அதிலிருந்து வடக்கே (+) அல்லது தெற்கே (−) உள்ள கோணத் தூரம் நடுவரை விலக்கம் எனப்படும். நெடுங்கோட்டுக்கு ஒப்பானது வல ஏற்றம். மார்ச் மாதத்தில் சூரியன் வான் மத்திய கோட்டைக் கடக்கும் புள்ளியிலிருந்து கிழக்கு நோக்கி இதனை மணி, நிமிடத்தில் அளப்பர். 24 மணி 360 பாகை ஆதலால் 1 மணி 15 பாகை. 4 நிமிடம் 1 பாகை.

1967 இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்டறிந்த முதலாவது பல்சரின் பெயர் பி.எஸ்.ஆர். பீ1919+21. (ஒழுங்கான இடைவெளியில் வானொலித் துடிப்புகள் வந்துசேரும் ஒருவகை விண்மீனே பல்சர்.) இங்கு 1919 ஐ ஆண்டு என்று மயங்க வேண்டாம். + என்பதும் கூட்டற்குறி அன்று. வல ஏற்றம் 19 மணி 19 நிமிடம். நடுவரை விலக்கம் வடக்கே 21 பாகை. வல ஏற்றத்தைப் பாகையாக்குவோம்: 19 × 15 = 285; 19 ÷ 4 = 4.75, மொத்தம் 289.75 பாகை. பெயரே முகவரி என்பது விளங்குகிறதல்லவா?

ஆனால் இதே பல்சருக்கு ஜே1921+2153 என்றும் பெயருண்டு. விண்மீன் இடம் மாறவில்லை, அளக்கத் தொடங்கும் புள்ளிதான் நகர்ந்தது. சுழலும் பம்பரத்தின் தலை வட்டமிடுவது போல பூமியின் அச்சும் ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுவதே காரணம். பீ என்றால் 1950 ஆம் ஆண்டுக்குரிய ஆள்கூறு, ஜே என்றால் 2000 ஆம் ஆண்டுக்குரியது. எழுத்தைக் கவனியாமல் தொலைநோக்கியைத் திருப்பினால் வேறோர் இடத்தையே பார்ப்போம்.

இன்னொரு நுட்பம். இப்பல்சரின் வல ஏற்றம் உண்மையில் 19 மணி 21 நிமிடம் 44.8 செக்கன். கணிதப் பாடத்தில் போல் மட்டந்தட்டினால் 22 நிமிடம் வரும். பெயரிலோ 21 தான் உள்ளது. மிகுதி இலக்கங்களை வெட்டிவிடுவதே இங்கு விதி.

நீண்ட பெயர்களும் இப்படியே. டூமாஸ் ஜே05352184−0546085 என்பதில் தசமப் புள்ளிகள் விடப்பட்டுள்ளன. வல ஏற்றம் 5 மணி 35 நிமிடம் 21.84 செக்கன், நடுவரை விலக்கம் தெற்கே 5 பாகை 46 கலை 8.5 விகலை.

எல்லாப் பெயரும் முகவரி அல்ல. சிரியசின் பெயர் எச்.டி. 48915. இது ஹென்றி டிரேப்பர் அட்டவணையின் தொடரிலக்கம். அந்த அட்டவணை 1900 ஆம் ஆண்டின் வல ஏற்ற வரிசையில் அமைந்தது. ஆகவே எச்.டி. 39801 (திருவாதிரை) சிரியசுக்கு மேற்கே உள்ளதென ஊகிக்கலாம். வடக்கா தெற்கா என்று கேட்டால் அட்டவணையைப் புரட்டத்தான் வேண்டும்.

பயிற்சி: நண்டு நெபுலாவிலுள்ள பல்சர் பீ0531+21, ஜே0534+2200 என இரு பெயர் பெறும். இரண்டு வல ஏற்றங்களையும் பாகையில் தருக.

விடை: 82.75 பாகை, 83.5 பாகை.