டேட்டம் தெரிந்தவருக்கு டீப் லேர்னிங் தூரமில்லை

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலை ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் லேத், சிஎன்சி பக்கம்; மற்றவர்கள் கழுத்தில் ஐடி கார்டுடன் கண்ணாடிக் கட்டடங்களுக்கு. "மெக்கானிக்கல் படித்தேன், கியூசியில் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இனி ஏஐ பக்கம் போக முடியுமா?" என்று முதல் சாரார் கேட்கிறார்கள். முடியும். இன்டர்வியூவில் பலரைத் திணறடிக்கும் ஒரு கேள்விக்கு உங்கள் தொழிலே பாதி விடை வைத்திருக்கிறது: "லேயர்களை அடுக்கிக்கொண்டே போனால் டிரெயினிங் ஏன் சொதப்புகிறது?"

நோய் என்ன?

பத்துப் படிகள் உள்ள ஒரு ஷாஃப்ட். ஒவ்வொரு படியையும் முந்தைய படியிலிருந்து அளந்தால், படிக்கு 0.05 மி.மீ. பிசகினாலும் கடைசியில் 0.5 மி.மீ. வரை போய்விடும். டாலரன்ஸ் சேர்ந்துகொண்டே போகும் கதை உங்களுக்குப் பழையது. நியூரல் நெட்வொர்க்கில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே கூட்டல் இல்லை, பெருக்கல். பிழையைத் திருத்தும் கிரேடியன்ட் கடைசி லேயரிலிருந்து முதல் லேயருக்குப் பின்னோக்கி வருகிறது. சிக்மாய்டு லேயர் ஒவ்வொன்றும் அதை அதிகபட்சம் கால் பங்காகக் குறைப்பதாக வைத்துக்கொண்டால், பத்து லேயர் தாண்டும்போது மிஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாறாக, லேயருக்கு 1.1 மடங்கு வீங்கினால் 50 லேயரில் 117 மடங்கு. ஸெப் ஹோக்ரைட்டர் 1991-லேயே தன் ஆய்வேட்டில் இந்தச் சிக்கலைப் பிட்டுவைத்தார். டிரெயினிங் சொதப்பாமல் இருக்க மூன்று வழிகள் இதோ.

1. செட்டிங்: தொடக்க எடைகள்

மெஷினை செட் பண்ணாமல் ஜாப் போட மாட்டீர்கள் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். சிக்மாய்டுக்குப் பதில் ரெலு பயன்படுத்தினால், 2-ஐ உள்ளீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். எடைகளின் திட்டவிலக்கம் அதுதான். 512 உள்ளீடு என்றால் 0.0625. கைமிங் ஹேயும் உடன் பணிபுரிந்தோரும் 2015-ல் தந்த விதி இது.

2. ஸ்டேஜ் இன்ஸ்பெக்‌ஷன்: நார்மலைசேஷன்

ஒவ்வொரு லேயரிலும் வெளிவரும் எண்களைச் சராசரி 0, மாறுபாடு 1 என்று சரிசெய்து அடுத்த லேயருக்கு அனுப்புவது பேட்ச் நார்மலைசேஷன். அயோஃபேயும் ஸெகெடியும் 2015-ல் கொண்டுவந்தது. இதில் ஒரு பொறி உண்டு. டிரெயினிங்கில் 32 படங்களின் சராசரியை எடுக்கும் மாடல், லைனில் கேமரா எடுக்கும் ஒற்றைப் படத்துக்கு எதன் சராசரியை எடுக்கும்? டிரெயினிங்கின்போது சேமித்த சராசரியைத்தான் எடுக்க வேண்டும். பைடார்ச்சில் மாடலை 'இவால்' நிலைக்கு மாற்ற மறந்தால், லேப்டாப்பில் ஒழுங்காக இருந்த மாடல் லைனில் உளறும். ஜிபியூ மெமரி போதாமல் பேட்சுக்கு இரண்டு படம்தான் முடியும் என்றால் 2018-ல் வந்த குரூப் நார்மலைசேஷனுக்கு மாறுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாடல்களில் லேயர் நார்மலைசேஷன்தான் வழக்கம்.

3. டேட்டம்: குறுக்கு வழி

ஹே குழு 2015-ல் ஒரு விசித்திரத்தைக் காட்டியது. பேட்ச் நார்மலைசேஷன் இருந்தும், 56 லேயர் நெட்வொர்க் 20 லேயரைவிட டிரெயினிங்கிலேயே அதிகப் பிழை செய்தது. அங்கே கிரேடியன்ட் மறைந்துபோனதாக அவர்கள் கருதவில்லை. 'வந்த ஜாபைத் தொடாமல் அப்படியே அனுப்பு' என்பதைக்கூடச் சாதாரண லேயரால் எளிதில் கற்க முடியவில்லை. தீர்வு: உள்ளே வந்ததை லேயரின் விடையோடு அப்படியே கூட்டிவிடுங்கள். ஷாஃப்டின் எல்லாப் படியையும் ஒரே டேட்டத்திலிருந்து அளப்பது போல, மூல அளவு கையில் இருக்கும். லேயர் கற்க வேண்டியது திருத்தத்தை மட்டும். இந்த ரெஸ்நெட் 152 லேயர் ஆழத்துக்குப் போனது. அவ்வாண்டு இமேஜ்நெட் போட்டியை வென்றது. கிரேடியன்ட் மறைவதையும், லேயர் கூடினால் பிழையும் கூடும் இந்தச் சிக்கலையும் பிரித்துச் சொல்லிப் பாருங்கள், கேள்வி கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

சிஃபார்-10 படத்தொகுப்பை இறக்கி, 20 லேயர், 56 லேயர் என இரண்டு நெட்வொர்க் கட்டுங்கள். கூகுள் கோலேப்பில் இலவச ஜிபியூ கிடைக்கும். 56 லேயருக்கு நேரம் பிடிக்கும், பொறுங்கள். பத்து வகைப் படங்கள் என்பதால் முதல் லாஸ் 2.30-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 15, 20 என்று காட்டினால் செட்டிங் தப்பு. லேயர்வாரியாக கிரேடியன்ட் அளவை கிராஃபாக வரையுங்கள். பிறகு குறுக்கு வழியைச் சேர்த்து மறுபடி ஓட்டி, இரண்டு கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அடிப்படை தடுமாறினால் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் மித்தேஷ் காப்ராவின் டீப் லேர்னிங் பாடங்கள் என்பிடெல்லில் இலவசம்.

ரெஸ்யூமேயில் கியூசி அனுபவத்தை மறைக்காதீர்கள். பிழை எந்த ஸ்டேஜில் நுழைந்தது என்று தேடும் பழக்கம் ஆறு மாத கோர்ஸில் வராது. உங்களுக்கு அது கைவந்த வேலை. அதை முதல் வரியிலும், இரண்டு கிராஃபை அடுத்த வரியிலும் வைத்து, திங்கட்கிழமை அனுப்பிவிடுங்கள்.