நோயும் வினையும்: கீல்வாதமுற்ற தாய்மார் பொருட்டு ஒரு பாடம்



இம்முறை பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் சங்கக் கூட்டங்களில் வாய்விட்டுப் பேசப்படாதது. கைகால் மூட்டுகளில் வீக்கமும் வலியும் கொண்ட ஒரு பெண், கருவுற்று, அக்கருவை இழந்து, மீண்டும் ஒரு மகவை விரும்பிக் காத்திருக்கும் நிலையே அப்பொருள். இத்தகைய சகோதரிகள் நம் குடும்பங்களில் உளர். கோலார் தங்கவயலிலிருந்து விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, நாள் முழுவதும் தையற்பொறியின் முன் அமர்ந்து, இரவில் வீடு திரும்பும் பெண்களுள்ளும் உளர். அவர்களுக்கு மூட்டில் ஒரு நோவு, மனத்தில் ஒரு நோவு. இவ்விரண்டும் போதாவென்று ஊரார் கொண்டுவந்து சுமத்துவது மூன்றாவது. அதுதான் 'முன்வினைப் பயன்' என்னும் சொல்.

முதலில் அச்சொல்லை ஆராய்வோம். 'முற்பிறப்பில் எந்தக் குழந்தையை வதைத்தாளோ' என்று அண்டை வீட்டார் பேசுகின்றனர். மாமியார் பேசுகிறார். வருந்தத்தக்கது யாதெனில், பஞ்சசீலம் ஏற்றவர் வீடுகளிலும் இப்பேச்சு நின்றபாடில்லை. வினை என்னும் சொல் பௌத்தத்திலும் உண்டாதலின், பழைய பேச்சுக்குப் புதிய உரிமை கிடைத்தாற்போலச் சிலர் எண்ணிக்கொள்கின்றனர்.

இராசகிருகத்து மூங்கில் வனத்தில் பகவன் தங்கியிருந்தபோது, மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் அவரை அணுகி இதே கேள்வியைக் கேட்டான். மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையால் வருவனவே என்று கூறுவோர் உளரே, தாங்கள் யாது கூறுகிறீர் என்பது அவன் வினா. பகவனின் விடை சம்யுத்த நிகாயத்தில் வேதனா சம்யுத்தத்தில் இருக்கிறது. துன்பம் பித்தத்தால் வரும், கோழையால் வரும், வாயுவால் வரும், இவை மூன்றும் கூடியும் வரும், பருவ மாற்றத்தால் வரும், உடலை ஒழுங்கின்றிப் பேணுவதால் வரும், பிறர் தாக்குதலால் வரும், வினைப்பயனாலும் வரும். காரணங்கள் எட்டு, அவற்றுள் வினை ஒன்று. எல்லாம் வினையே என்போர், தாமே கண்டறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகின்றனர் என்று பகவன் அவர்களை மறுத்தார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இன்ன வினைக்கு இன்ன பயன் என்று கணக்கிடப் புகுவது, எண்ணத்துக்கு அப்பாற்பட்ட நான்கனுள் ஒன்றென்று அங்குத்தர நிகாயம் கூறும். அக்கணக்கில் இறங்குவோர்க்கு மனக்கலக்கமே மிஞ்சும். ததாகதர் அடியார்க்கு விலக்கிய கணக்கை அண்டை வீட்டுக்காரி போட்டுக் காட்டினால் அதனை ஏற்க வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் காரணம் யாது? இங்குதான் மருத்துவம் கற்க வேண்டும்.

நான் நூற்பாலையில் இருந்த காலத்தில், மூட்டுவலி என்றால் எண்ணெய் வற்றித் தேய்ந்த அச்சுப்போல மூட்டும் தேய்ந்தது என்றே தொழிலாளர் கூறுவர். முதுமையில் வரும் தேய்மானத்துக்கு அது ஓரளவு பொருந்தும். இளம்பெண்களைப் பெரிதும் பற்றும் முடக்குவாதம் வேறு வகையானது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடற்காவலே வழிதவறி, மூட்டைச் சூழ்ந்த மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. இரு கைகளின் விரல் மூட்டுகளும் ஒருங்கே வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விரல் மடங்காது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. அதுவும் பலர்க்குக் கருவுறும் வயதிலேயே வருகிறது.

கருச்சிதைவோ மிகப் பொதுவானது. தெரியவந்த கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கலைகின்றன. தொடக்க மாதங்களில் கலைவனவற்றுள் ஏறக்குறைய பாதி, கரு உருவானபோதே அதன் மரபணு இழைகளின் எண்ணிக்கை பிழைபட்டமையால் கலைவன. தாய் குடம் தூக்கியதாலன்று, படி ஏறியதாலன்று, பப்பாளி ஒரு துண்டு தின்றதாலன்று, எவர் கண்ணும் பட்டதாலன்று.

ஆயினும் கீல்வாதமுடையவர் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பத்து வாரம் கடந்த கரு ஒருமுறை இறந்திருந்தாலும், அதற்கு முன்னரே கருக்கள் பன்முறை கலைந்திருந்தாலும், பாஸ்போலிப்பிடு எதிர்ப்பொருள் என்பவற்றுக்கான குருதிச் சோதனையை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவை குருதியை உறையச் செய்து, நஞ்சுக்கொடிக்குச் செல்லும் ஓட்டத்தைக் கெடுப்பன. முதற்சோதனையில் தென்பட்டால் 12 வாரம் கழித்து மீண்டும் சோதித்தே உறுதி செய்வர். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பல கருக்களைக் காப்பாற்றுகின்றனர். முன்வினை என்று வாளாவிருந்தவளுக்கு இச்சோதனை நடந்திராது. பிழைபட்ட கொள்கை ஓர் உயிரையே பலிகொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி மருந்து. இதனைச் சற்று விரிவாகவே கூறுவேன். இங்கு நேரும் பிழைகளே பெருந்தீங்கு விளைப்பன.

முடக்குவாதத்துக்கு முதலிற் கொடுப்பது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே உண்ணத்தக்க மருந்து; நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. நோயை நன்கு அடக்கும். ஆனால் கருவைக் கலைக்கும், கலையாத கருவில் ஊனம் விளைக்கும். ஆகவே, கருத்தரிக்க முயல்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்னரே மருத்துவர் இதனை நிறுத்துவர். லெஃப்லூனமைடு என்னும் மருந்தோ, நிறுத்திய பின்னும் உடலில் நெடுங்காலம், சிலரிடம் இரண்டாண்டு வரையிலும், தங்கக்கூடியது. அதனை வெளியேற்றக் கொலெஸ்டிரமைன் என்னும் தூளைக் கொடுத்து, குருதியில் அளவு பார்த்த பின்னரே கருவுற அனுமதிப்பர். இம்மருந்துகளை உண்பவள் என்றாவது குழந்தை வேண்டுமென நினைத்தால், அந்நினைவை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும்.

நம் சகோதரிகளுட் சிலர், கேடு என்று கேட்டவுடன் எல்லா மருந்தையும் தாமே நிறுத்திவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கின்றனர். குழந்தைக்காக வலியைப் பொறுப்பது தாய்மையின் இலக்கணமென ஊரும் மெச்சுகிறது. இது தவறு. அடங்காத நோயே கருத்தரிப்பைத் தாமதப்படுத்துகிறது. கருவுற்ற பின்னும் குறைமாதப் பிறப்புக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் இடம் கொடுக்கிறது. செய்யத்தக்கது நிறுத்தலன்று, மாற்றல். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் கருக்காலத்திலும் உண்ணத்தக்கவை. முன்னது மலேரியாவுக்கு வழங்கிய பழைய மருந்து, விலையும் குறைவு. பின்னதை உண்பவள் ஃபோலிக் அமிலத்தைக் கூடுதலாக உண்ண வேண்டும். நாளுக்கு 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். இவற்றுக்கு மாறியபின் நோய் சில மாதம் அடங்கியிருப்பதைக் கண்டு, அதன்பின் முயல்வதே முறை. இவற்றுக்கும் அடங்காதாயின் செர்டோலிசுமாப் போன்ற ஊசிகள் உள்ளன. அம்மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து செல்வது மிகமிகக் குறைவு. விலையோ நம்மனோர்க்கு எட்டாதது. தொழிலாளர் ஈட்டுறுதி உடையவர் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

வலிக்கு உடனடியாக உண்ணும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபென் முதலியன மற்றொரு வகை. கடையில் கேட்டவுடன் கிடைப்பன. இவற்றை இடைவிடாது உண்டால் சிலருக்குக் கருமுட்டை வெளிப்படுவதே தடைப்படும். மாதந்தோறும் ஏமாந்து அழுபவள் தன் தலையணைக்கடியில் இருக்கும் மாத்திரையை ஐயுறுவதில்லை! கருவுற்று 20 வாரம் கடந்தால் இவற்றைத் தவிர்க்க வேண்டுமென்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தீங்கு நேர்ந்து பனிக்குடநீர் குறையலாம் என்பது காரணம். பாரசிட்டமால் அளவோடு கொள்ளலாம். பிரெட்னிசோலோன் குறைந்த அளவில் பயன்படும். மருத்துவர் சொல்லாமல் கூட்டவும் கூடாது, சட்டென நிறுத்தவும் கூடாது.

பெயர் எழுதாத பொட்டலங்களில் வாதச்சூரணம் விற்போரைப் பற்றியும் ஒரு சொல். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டதென்றால், அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று அறிக. சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருப்பதும் கண்டறியப்பட்டதே. ஈயம் கருவின் மூளையைக் கெடுக்கும்.

கணவன்மாரும் இப்பகுதியைப் படிக்க வேண்டும். சல்ஃபாசலசினை ஆண் உண்டால் விந்தணு குறையும். நிறுத்தினால் சில மாதங்களில் மீளும். ஓராண்டு முயன்றும், மனைவிக்கு வயது 35 கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்றும், கருத்தரிக்காவிடில் இருவருமே சோதனைக்குச் செல்ல வேண்டும். 'எனக்கொன்றும் இல்லை' என்று திண்ணையில் அமர்ந்திருத்தல் ஆண்மையன்று. இன்னொன்று, கூறக் கூச்சமாயினும் கூறியாக வேண்டும். இடுப்பும் முழங்காலும் வலிக்கும் மனைவிக்குக் கூடல் ஒரு தண்டனையாகிவிடலாகாது. விறைப்பு மிகுந்த காலைப்பொழுதைத் தவிர்த்து, வெந்நீரில் குளித்தபின், வலிக்கும் மூட்டின்கீழ் தலையணை வைத்து, அவளுக்கு எளிதான நிலையை அவளையே கேட்டறிவது கணவன் கடமை.

இத்தனைக்குப் பின்னும் வலி முற்றும் நீங்காது. அங்கே தம்மம் என்ன செய்யும்? மோளிய சீவகனுக்குரிய விடை இருக்கும் அதே வேதனா சம்யுத்தத்தில் அம்பு பற்றிய சூத்திரமும் இருக்கிறது. கல்லாதவன் உடலில் ஓர் அம்பு பட்டவுடன், புலம்பி மார்பறைந்து, மனத்தில் இரண்டாம் அம்பையும் ஏற்றுக்கொள்கிறான். கற்ற அடியானுக்கு உடலில் பட்ட ஒன்றே. இதனைச் சொல்லி, அழும் பெண்ணை 'அழாதே' என்று அடக்குவோர் உளர். அன்னோர் சூத்திரத்தைச் சரிவரப் படித்திலர். முதல் அம்பு இல்லையென்று பகவன் கூறவில்லை. கீல்வாதம் முதல் அம்பு. இழந்த கருவும் முதல் அம்பே. 'என் உடல் பாழ்', 'நான் தாயாகத் தகாதவள்', 'அடுத்ததும் தங்காது' என்னும் நினைவுகளே இரண்டாவது. அவற்றை அடக்கச் சொல்லவில்லை. வரும்போது வந்தது என்றும், போகும்போது போயிற்று என்றும் அறியச் சொல்கிறார். காலையில் விரல் மடங்காத அந்த ஒரு மணி நேரத்தில், வெந்நீர்ப் பாத்திரத்தில் கைகளை அமிழ்த்தி, சூட்டையும் வலியையும் அவை மெல்ல மாறுவதையும் கவனித்திருத்தல் ஒரு நல்ல பயிற்சி. விரலுக்கும் இதம், மனத்துக்கும் பிடி.

கிசாகோதமியின் கடுகுக் கதையைக் கருவிழந்தவளிடம் அவசரப்பட்டுச் சொல்லற்க. அவள் வீடு வீடாகச் சென்று பிறர் துயரைத் தன் காதால் கேட்டபின்னன்றோ தெளிந்தாள்? நம் சங்கத்தில் கருவிழந்த மூத்த தாய்மார் பலர் உளர். அவர்கள் வாய்திறந்து தம் கதையைச் சொல்வார்களாயின் அதுவே கடுகு.

கபிலவத்துவில் சாக்கியர் கட்டிய புதிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் அறமுரைத்த பகவன், முதுகு வலிக்கிறது, சற்றுச் சாய்ந்துகொள்கிறேன் என்று கூறி, ஆனந்தரைத் தொடரப் பணித்து, மடித்த சீவரத்தின்மேல் வலப்பக்கம் சாய்ந்தார். மறைக்கவுமில்லை, நாணவுமில்லை. மகாவக்கம் நல்ல நோயாளிக்குரிய ஐந்து குணங்களைக் கூறுகையில், வலி மிகுகிறதா, குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதைப் பணிவிடை செய்வோரிடம் உள்ளபடி சொல்லுதலை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. 'ஒன்றுமில்லை அத்தை' என்று ஈரத்துணியைப் பிழியப் போகும் மருமகள் இதனை அறிவாளாக.

கருவிழந்த தொழிலாளிப் பெண்ணுக்கு 6 வாரம் ஊதியத்தோடு விடுப்பு வேண்டுமென 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி உண்டு. மருத்துவச் சான்று வேண்டும். கேட்க அஞ்சி மூன்றாம் நாளே வேலைக்குச் சென்றவர் பலர்.

கருவுற்றபின் ஒரு வியப்பு உண்டு. முடக்குவாதமுற்றோருள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அக்காலத்தில் வலி தானே தணிகிறது. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் இதனையும், காமாலை கண்டோர்க்கு வலி தணிவதையும் கவனித்து, உடலிலேயே ஏதோ ஒரு பொருள் நோயை அடக்குகிறதென ஐயுற்றுத் தேடினார்; 1948இல் கார்ட்டிசோன் என்னும் மருந்தை முதன்முதலாக இந்நோய்க்குக் கொடுத்தார்; 1950இல் வேறிருவரோடு நோபல் பரிசு பெற்றார். ஆயினும் பிள்ளை பிறந்த சில மாதங்களுக்குள் பலருக்கு நோய் மீண்டும் எழுகிறது. ஆகவே வளைகாப்புப் பேச்சு எழும்போதே வேறு சிலவற்றையும் பேசி வைக்க வேண்டும்: பால் கொடுக்கும் காலத்துக்கு எம்மருந்து ஏற்றதென மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்குவது யார், விடியற்காலையில் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கித் தாயின் மடியில் வைப்பது யார், துணி பிழிவது யார் என்பவற்றை.