ஆடிக்காற்றும் அட்லஸும்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்கினால், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஐப்பசியில் போனால் அதே ஊரில் காற்றாலை இறக்கைகள் பாதி நாள் சும்மா நிற்கும். இந்தக் காற்றைப் பற்றி உலவும் நான்கு நம்பிக்கைகள்:

நம்பிக்கை: காற்றாலைகள் மழைமேகத்தைக் கலைத்துவிடுகின்றன.

உண்மை: மழைமேகம் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்பது. புதிய இயந்திரங்களிலும் இறக்கை நுனி ஏறக்குறைய 200 மீட்டரைத்தான் எட்டும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறது. மழையைக் கொட்டிவிட்டு ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்கள் வழியே வரும் காற்றைத் தேடித்தான் காற்றாலைகள் அங்கே போயின. அவை போனதால் மழை நிற்கவில்லை.

நம்பிக்கை: காற்று கொஞ்சம் குறைந்தால் மின்சாரமும் கொஞ்சம்தான் குறையும்.

உண்மை: காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 27 சதவீதம் போய்விடும்.

நம்பிக்கை: காற்றின் வேகத்தை நிறங்களால் காட்டும் காற்று வரைபடத்தில் (அட்லஸில்) நல்ல நிறம் விழுந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு காற்றாலை வைக்கலாம்.

உண்மை: அந்த நிறம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வீசும் காற்றின் நீண்டகாலச் சராசரி. ஆடியும் ஐப்பசியும் அதில் கலந்துவிடும். உயரத்தை மாற்றினால் கணக்கே மாறும்: பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில் தமிழகத்தின் காற்று மின் வாய்ப்பு 120 மீட்டரில் சுமார் 68,750 மெகாவாட், 150 மீட்டரில் சுமார் 95,000. வரைபடம் எங்கே தேடலாம் என்று காட்டும். அதன்பின் அந்த இடத்திலேயே கருவி வைத்து, எல்லாப் பருவங்களிலும் அளந்து பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: புவி சூடானால் புயல் பெருகும், மின்சாரமும் பெருகும்.

உண்மை: காற்று நொடிக்கு 25 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் பெரும்பாலான இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். இங்கே காற்றாலைகளைச் சுழற்றுவது புயல் அல்ல, பருவக்காற்று; அதை இழுத்து வருவது நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. இந்தியப் பெருங்கடல் சூடாகச் சூடாக அந்த வேறுபாடு குறையலாம். உலக அளவில் நிலப்பரப்புக் காற்று 1980களிலிருந்து தளர்ந்து, 2010 வாக்கில் மீண்டும் வேகமெடுத்தது. வருங்கால மாற்றமும் இடத்துக்கு இடம் வேறுபடும் என்றே கணிப்புகள் சொல்கின்றன.

வரைபடமோ கடந்த ஆண்டுகளின் காற்றை வைத்து வரைந்தது. இன்று நடும் காற்றாலை இன்னும் 20, 25 ஆண்டு சுழல வேண்டும். அதற்குப் பழைய பஞ்சாங்கம் மட்டும் போதாது.